பட்டு வெளுக்காத வீடு

எங்கள் வீட்டு ஜன்னல்களில் எல்லாம் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். எங்காவது ஒரு மூலை கிழிந்தால் அன்றைக்கே பசை காய்ச்சிப் புதுத் தாள் ஒட்டச் சொல்லிவிடுவார் அப்பா. தியாகராய நகர் கடைத்தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கீழே எங்கள் ஜவுளிக்கடை, மேலே வீடு. வீடு என்று நாங்களாகச் சொல்லிக்கொண்டோம். அப்பாவைப் பொறுத்தவரை அது சரக்கு வைக்கிற இடம். ஏதோ ஒரு ஓரமாக நாங்களும் இருந்துவிட்டுப் போகலாம். காஞ்சிபுரத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் வந்த பட்டுச் சேலைகள் கூடம், ரேழி, படுக்கிற அறை என்று எல்லா இடத்திலும் மர அலமாரிகளில் அடுக்கியிருக்கும். வெயில் பட்டால் பட்டு வெளுக்கும். மயில் கழுத்து நிறம் நாலு நாளில் சாம்பல் பூத்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் பட்டப்பகலில் டியூப் லைட் எரியும். கரெண்ட் போனால் அரிக்கேன் விளக்கு. சூரியனுக்கு மட்டும் அனுமதி கிடையாது.

வீட்டிலிருந்து தெருவுக்குப் போக ஒரே ஒரு படிக்கட்டு. அது நேராகக் கடைக்குள் இறங்கும். பள்ளிக்கூடம் போவதானாலும் சரி, கோயிலுக்குப் போவதானாலும் சரி, வாடிக்கையாளர்களுக்கு நடுவே புகுந்துதான் போகவேண்டும். இந்தப் படிக்கட்டைச் சொல்லாமல் என் மதினியின் கதையைச் சொல்ல முடியாது.

மதினி என்றால் அண்ணன் மனைவி. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பட்டணத்துக்கு வந்து கடை போட்ட பிறகும் முறை சொல்லிக் கூப்பிடுகிற வாய் மாறவில்லை. அண்ணனுக்குப் பெண் தேடியபோது அம்மா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாள். பெண் சிவப்பாக இருக்கவேண்டும். அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாத்தியார் வீட்டில் கிடைத்தாள். அப்படி ஒரு நிறம்! காதோரம் ஓடுகிற பச்சை நரம்புகூடத் தெரியும். என்னைப் பெற்ற அம்மாவுக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சுதான் வரும். காலேஜுக்குப் போக வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று நான் கரிச்சட்டியாகிவிட்டேனாம். "பஸ்ஸுல போறியா, அடுப்புக்குள்ள போறியாட்டி?" என்பாள்.

மதினியின் நிறத்தை அப்பா வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டார். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நைலக்ஸ் சேலை ஊரெல்லாம் வந்துவிட்ட காலம் அது. ஆனாலும் முகூர்த்தத்துக்குப் பட்டுதான். கல்யாண ஜவுளி எடுக்க வருகிற பெரிய இடத்துப் பெண்களைக் கடையில் நிற்க வைக்கமாட்டார்கள். மாடிக்கு அழைத்து வந்து, கூடத்தில் ஜமக்காளம் விரித்து, காப்பி கொடுத்து உட்காரவைப்பார்கள். பிறகு மதினியைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து ஜமக்காளத்தில் உட்காருவாள். அப்பா சேலையைப் பிரித்து நீட்ட, அவள் எழுந்து நின்று முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவாள். அவ்வளவுதான். மயிலாப்பூர் மாமிகள் மயங்கிப்போவார்கள். "இந்தப் பொண்ணு மேல எதைப் போட்டாலும் எடுப்பா இருக்கேடி! இதையே எடுத்துடலாம்" என்பார்கள். அந்தச் சேலையை அவர்கள் வீட்டு மாநிறப் பெண் கட்டும்போது எப்படி இருக்கும் என்ற யோசனை வீட்டுக்குப் போன பிறகுதான் வரும்.

அதனால் மதினி வெயிலில் நிற்கக்கூடாது என்று சட்டமாகிவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போடுவது வேலைக்காரி. கோயிலுக்குப் போவது விளக்கு வைத்த பிறகு. ஊரில் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடந்து வளர்ந்தவள், இங்கே டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து சேலைகளுக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். சாப்பாடோ சுத்த சைவம். பால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும், மருமகளுக்கு மோர். அது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அநியாயம் இல்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மருமகளுக்கு மோர்தான்.

ஒரு பிள்ளை பெற்றாள். அது நடக்கத் தொடங்குவதற்குள் இன்னொன்று. இரண்டாவதற்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் வலி ஆரம்பித்தது. முதலில் இடுப்பு என்றாள். பிறகு தொடை என்றாள். முதுகு, விலா என்று வலி ஏறிக்கொண்டே போனது. எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னால் அவளுக்குக் காட்டத் தெரியாது.

"எலும்புக்குள்ள வலிக்கி பிள்ள. மேல தொட்டா ஒண்ணும் தெரியல, அமுக்குனா உயிரு போகுது" என்பாள் என்னிடம்.

அம்மாவிடம் சொன்னால் வேறு பதில். "பிள்ள பெத்த உடம்புன்னா வாயு இருக்கத்தான் செய்யும். நான் பெறாத பிள்ளையா?" பூண்டு லேகியம் கிண்டிக் கொடுத்தாள். வெந்நீர் ஆவியில் வேது பிடிக்கச் சொன்னாள். ஒன்றும் கேட்கவில்லை.

நடை மாறிப்போயிற்று. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வாத்து மாதிரி நடந்தாள். தரையிலிருந்து எழுந்திருப்பதே பெரும்பாடு. அலமாரிக் காலைப் பிடித்துக்கொள்வாள். பிறகு தன் முழங்காலில் கையை ஊன்றுவாள், அப்புறம் தொடையில் ஊன்றுவாள். தன் உடம்பின் மேலேயே கை வைத்து ஏறுவதுபோல எழுந்து நிற்பாள். அதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிடும். அடுக்களையில் அம்மா அவள் நடையை நடந்து காட்டுவாள். வேலைக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். "வேல செய்ய வலிக்கி, சேலையத் தோளுல போட மட்டும் வலிக்காதோ? நடிக்கா!" என்பாள் அம்மா. அப்போது அங்கே இருந்த லேகியச் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று எனக்கு இருக்கும்.

தெருமுனை டாக்டர் மூட்டு வாதம் என்றார். மாத்திரை கொடுத்தார். மதினியின் மூட்டு எதுவும் வீங்கவில்லை, சிவக்கவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் அபிராமபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரிய கல்யாணம். மதினி ஜமக்காளத்திலிருந்து எழுந்திருக்கப் போனாள், முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் தோளைப் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சரிந்து விழுந்தார்கள். மதினி 'ஐயோ' என்று போட்ட சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்டது. வந்தவர்கள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியது.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் மேல்பகுதியில் விரிசல் மாதிரி ஒரு கோடு இருந்தது. மயிலாப்பூரில் ஒரு எலும்பு டாக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது சயரோகம் இருந்ததா என்று கேட்டார். மதினியின் தாய்மாமன் அதில்தான் செத்தார். டாக்டருக்கு அது போதும். எலும்பு டி.பி. என்று சொல்லிவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இளம் வயதுப் பெண் இடுப்பு வலிக்கிறது என்று நொண்டிக்கொண்டு வந்தால், அந்தக் காலத்தில் எல்லா டாக்டருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். ஆனால் அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை, உடம்பு மெலியவில்லை. ஒரே இடத்தில் வலி என்றும் இல்லை, உடம்பு முழுக்க வலி. இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, தினமும் ஊசி எழுதிக் கொடுத்து, அசையாமல் படுத்திருக்கவேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

டி.பி. என்ற சொல்லைக் கேட்டு அப்பா ஆடிப்போய்விட்டார். யார் வீட்டில் என்றாலும் அது தலைகுனிவுதான்; பட்டு விற்கிறவன் வீட்டில் அது நாசம். இவள் தோளில் போட்டுக் காட்டிய சேலையைத்தானே ஊரெல்லாம் மணவறையில் கட்டியிருக்கிறது? விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு ஈ காக்கை கடைக்குள் வராது. ஆகவே மருமகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அவளைப் பின்பக்கத்துச் சரக்கு அறையில் போட்டார்கள். அதற்கு ஜன்னலே கிடையாது. தனித் தட்டு, தனித் தம்ளர். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. சின்னது கதவுக்கு வெளியே நின்று அழும். இவள் உள்ளே படுத்துக்கொண்டு அழுவாள்.

கூடத்தில் மாமிகள் பேசுவது அவளுக்குக் கேட்கும். "உங்க மாட்டுப்பொண் எங்கே? அவ மேல போட்டுப் பார்த்தாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்பார்கள். வேறு வழியில்லாமல் என்னை நிறுத்திப் பார்த்தார்கள். அரக்குப் பட்டை என் தோளில் போட்டதும் ஒரு மாமி சேலையைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். "கலர் கொஞ்சம் டல் அடிக்கிறதே" என்றாள். பின்அறையில் மதினி சிரித்தது எனக்குக் கேட்டது. அந்த அறையில் கிடந்த நாட்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கட்டுக்குள்தான் அவள் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். டி.பி. முற்றிவிட்டது என்று அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அம்மாவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. படுக்கப் போடுவதற்கு முன்பே தரித்த கரு. எலும்பு டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு, பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொன்னார். அம்மா வரமாட்டேன் என்றாள். அண்ணனுக்குக் கடை. நான் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு டாக்ஸி பிடித்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஆயா அவள் நடையைப் பார்த்து நின்றாள். "இன்னாமா இது, தேர் கணக்கா ஆடிக்கினு வர்றே? புட்சிக்கோ, என் தோளப் புட்சிக்கோ" என்று சொல்லி உள்ளே கொண்டுபோய் விட்டாள்.

அந்த லேடி டாக்டரை என்னால் மறக்க முடியாது. தலை நரைத்தவர், மயிலாப்பூர்ப் பேச்சு, யாரிடமும் சிரிக்கமாட்டார். எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்னால் மதினியை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "கையை ஊணாம எழுந்திரு" என்றார். மதினியால் முடியவில்லை. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் கட்டை விரலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். மதினி அலறிவிட்டாள். நெஞ்செலும்பில் அமுக்கினார். அங்கேயும் அலறல். அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்தார்.

"யார் சொன்னா டி.பி.ன்னு? இங்க ஒரு கோடு. அந்தப் பக்கம் பாரு, அதே எடத்துல இன்னொரு கோடு. டி.பி. என்ன, ரெண்டு பக்கமும் அளந்து பார்த்தா கடிக்கும்? அது ஒரு எடத்துல ஒக்காந்துண்டு அரிக்கும். காய்ச்சல் வரும், சீழ் வைக்கும். முதல்ல அந்த ஊசியை நிறுத்துங்கோ" என்றார்.

நான் விலங்கியல் படிக்கிறேன் என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தே பேசினார். வயசான பெண்களுக்கு எலும்பு தேய்வதுண்டு. அதில் எலும்பு குறைந்துபோகும், ஆனால் மிச்சம் இருப்பது நல்ல எலும்பு. உடைகிற வரைக்கும் பெரிதாக வலிக்காது. தசை இப்படிச் சோர்ந்துபோகாது, இரத்தத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். இவளுக்கு எலும்பு இருக்கிறது, அது கெட்டிப்படவில்லை.

"செங்கல் அறுத்து அடுக்கியாச்சு, சூளையில போட்டுச் சுடலை. அதுமேல மாடி கட்டினா என்ன ஆகும்? நசுங்கும். வளையும். அதான் இது" என்றார்.

இரத்தம் எடுக்கச் சொன்னார். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் குறைந்திருக்கும், ஒரு நொதி மட்டும் ஏறியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்; ரிசல்ட்டும் அப்படியேதான் வந்தது. எலும்பு மெத்தென்று ஆகிற நோய் என்று அதற்குப் பெயர். பிறகு மதினியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ வெயில்ல கடைசியா எப்போ நின்னே?"

மதினிக்கு அந்தக் கேள்வி விளங்கவேயில்லை. "வெயில்லயா டாக்டரம்மா? எங்க வீட்டுல வெயில் வராதே. பட்டு வெளுத்துரும்லா?" என்றாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெயில் படாத உடம்பில் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது என்று சொல்லி, வைட்டமின் டி ஊசியும் சுண்ணாம்பு மாத்திரையும் எழுதினார். பால் கொடுங்கள், தினமும் வெயிலில் உட்காரவையுங்கள், வலி போய்விடும், நடப்பாள் என்றார். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு உள்ளே கை வைத்துப் பரிசோதித்தார் டாக்டர். வெளியே வந்து கை கழுவும்போது அவர் முகம் மாறியிருந்தது.

"இடுப்பெலும்பு உள்பக்கமா நசுங்கியிருக்கு. கொழந்தை வர்ற வழி குறுகிப்போச்சு. தலை எறங்காது. மாசம் நெருங்கினதும் இங்க வந்து படுத்துடணும். வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். வலி வந்தப்புறம் யோசிக்கிறதே கூடாது. ஆத்துல மருத்துவச்சி அது இதுன்னு யாரையாவது கூப்பிட்டேள்னா ரெண்டு உயிரும் போயிடும். புரிஞ்சுதா?" என்றார்.

புரிந்தது. வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று எல்லோருக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பாவின் காதில் விழுந்தது ஒன்றுதான். டி.பி. இல்லை. "முருகா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று சாயங்காலமே மதினியைப் பின்அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் ஓடிவந்து மேலே விழுந்தன.

வெயிலுக்குத்தான் சண்டை. மொட்டை மாடிக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "ஊரெல்லாம் தேடிச் சிவப்பா மருமக எடுத்தது, மாடியில போட்டுக் கருவாடு மாதிரி காயவைக்கவாட்டி?" என்று அம்மா குதித்தாள். கடைசியில் அப்பா ஒரு வழி சொன்னார். விடிந்ததும் கொஞ்ச நேரம் போகலாம், குடை பிடித்துக்கொள்ளவேண்டும். வெயிலில் உட்காரக் குடை! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா படி ஏறி வந்து எட்டிப் பார்ப்பாள். அவள் தலை தெரிந்தால் குடையை விரிப்போம், இறங்கியதும் மடக்குவோம். மதினி காலை நீட்டி உட்கார்ந்து சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொள்வாள். "சூடு உள்ள எறங்குது பிள்ள, எண்ண தேச்ச மாதிரி இருக்கு" என்பாள்.

ஊசியின் வேகமோ வெயிலோ, ஒரு மாதத்துக்குள் வலி விட்டது. அடுத்த மாதம் கையை ஊன்றாமல் எழுந்து நின்றாள். வாத்து நடை குறைந்தது. நான் மகிழ்ந்துபோனேன். வீடே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சிதான் அவளுக்கு வினையாக முடிந்தது. எலும்பு கெட்டிப்பட்டது உண்மை. ஆனால் நசுங்கிய வடிவத்திலேயே கெட்டிப்பட்டுவிட்டது. வலி போனதால் வழி திறந்துவிடவில்லை. இதை நான் சொல்லாத நாள் இல்லை.

"அதான் குணமாயிட்டால்லா? முன்ன வலி இருந்துச்சு, டாக்டர் அப்படிச் சொன்னா. இப்பம் ஓடுதா, ஆடுதா. ரெண்டு பிள்ளைய வீட்டுலதான் சுகமாப் பெத்தா. மூணாவதுக்கு எதுக்குக் கத்தி?" என்றாள் அம்மா.

"தை முகூர்த்தம் முடியட்டும். அப்புறம் கொண்டு சேக்கலாம்" என்றார் அப்பா. அண்ணன் வழக்கம்போல, அப்பா சொன்னால் சரி என்றான். நிறைமாத வயிற்றோடு அவளை மறுபடியும் ஜமக்காளத்துக்குக் கூப்பிட்டார்கள். கர்ப்பிணி தோளில் போட்டுக் காட்டிய பட்டு ராசி என்று மாமிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். மதினியே என்னிடம், "இந்த மாசம் முடியட்டும் பிள்ள. எனக்கும் நடக்கது சந்தோசமா இருக்கு. அங்க போயி மறுபடி படுக்கணுமேன்னு இருக்கு" என்றாள்.

தையில், கல்யாண ஜவுளி எடுக்க நல்ல நாள் ஒன்று. எனக்குக் காலேஜில் செய்முறைத் தேர்வு. காலையில் நான் கிளம்பும்போது மதினி மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். நான் போன பிறகு வலி வந்திருக்கிறது. அம்மா ஒரு மருத்துவச்சியை வரவழைத்திருக்கிறாள்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது கடையில் கால் வைக்க இடமில்லை. ஏகப்பட்ட கல்யாணக் கூட்டம். சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் வாசலில் வைத்திருந்தார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மாடி ஏறினேன். பின்அறையில் மதினி படுத்திருந்தாள். வாயில் சுருட்டிய துணி. சத்தம் கீழே கேட்காமல் இருப்பதற்காக வைத்தது. முகம் நீலம் பாரித்திருந்தது. "காலையிலிருந்து ஒரே நிலையில நிக்குது, தலை இறங்கவே மாட்டேங்குது" என்று மருத்துவச்சி என்னிடம் கை விரித்தாள்.

"ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல?" என்று கத்தினேன்.

"எப்படிட்டி கொண்டு போக? படி கடைக்குள்ளல்லா எறங்குது. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருக்காங்க. நடுவுல ரத்தமும் கதறலுமா எப்படித் தூக்கிட்டுப் போறது? அபசகுனம்னு அத்தன பேரும் எந்திச்சிப் போயிருவாங்க. கூட்டம் கொஞ்சம் குறையட்டும்னு உங்கப்பா சொல்லியிருக்காங்க" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே முந்தானையால் மதினியின் நெற்றியைத் துடைத்தாள்.

நான் மதினியின் வாயிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்தேன். படியில் பாதி இறங்கி நின்று, அத்தனை கூட்டத்துக்கும் கேட்கும்படி, "மேல ஒருத்தி சாகக் கிடக்கா! வழிய விடுங்க!" என்று அலறினேன். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். கடைப் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. ஒரு கிழவி மட்டும், "அட பாவிகளா, இவ்வளவு நேரம் என்னடா செஞ்சீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அந்த அபசகுனம்!

டாக்ஸி டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "பயப்படாத கண்ணு, தோ வந்துட்சி, தோ வந்துட்சி" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். மதினி என் மடியில் தலை வைத்திருந்தாள். தேனாம்பேட்டை தாண்டும்போது கண்ணைத் திறந்தாள்.

"நான் நல்லா நடந்தேன்லா பிள்ள?" என்றாள்.

"நல்லா நடந்தீங்க மதினி" என்றேன்.

அதே டாக்டர்தான் இருந்தார். உள்ளே போனவர் வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. "எலும்பெல்லாம் நன்னா கெட்டியாயிடுத்து. இன்னும் ரெண்டு வாரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா, பிள்ளையும் கையுமா நடந்தே போயிருப்பா" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். விடிவதற்குள் மதினியும் போய்விட்டாள்.

வாசலில் பந்தல் போட்டு அவளைக் கிடத்தினார்கள். சுமங்கலி என்பதால் பட்டு உடுத்தவேண்டும். அப்பா யாரையும் அலமாரியைத் தொடவிடவில்லை. தானே மாடிக்குப் போய், அடுக்கடுக்காகத் தள்ளிப் பார்த்து, மயில் கழுத்துப் பட்டு ஒன்றை எடுத்துவந்தார். அந்த வருஷத்துச் சரக்கிலேயே அதுதான் உசத்தி. அதைக் கட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்தார்கள். அப்போதும் அவள் நிறம் அப்படியே இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லி அழுதார்கள். மதினியின் அப்பா, அந்த வாத்தியார், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து சேரவேண்டும் என்று மறுநாள் வரைக்கும் வைத்திருந்தோம்.

மறுநாள் உச்சி வேளை. பந்தல் துணிக்குக் கீழே வெயில் மெல்ல நகர்ந்து வந்து அவள் காலைத் தொட்டது. அங்கிருந்து முழங்காலுக்கு ஏறியது. மூங்கிலைப் பிடித்தபடி நின்றிருந்த அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கடைப் பையனைப் பார்த்து, எங்கேயோ இருக்கிற குரலில் சொன்னார்.

"ஏல, பந்தல இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு. வெயில் படுது. பட்டு வெளுத்துரும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கவேண்டும். வாயைப் பொத்திக்கொண்டார். பையன் கயிற்றுக்குக் கை நீட்டியிருந்தான்.

"வெளுக்கட்டும்!" என்றேன் நான். "வெளுக்கட்டும்ப்பா! இனியாவது வெளுக்கட்டும்!"

அந்த வீட்டில் அப்பாவை எதிர்த்து யாரும் குரல் உயர்த்தியதில்லை. நான் போய்ப் பந்தல் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். துணி சரிந்தது. மதினியின் மேல், முகம் தோள் கை எல்லாவற்றிலும், வெயில் முழுசாக விழுந்தது. யாரும் குடை கொண்டுவரவில்லை. அவளைத் தூக்குகிற வரைக்கும் அந்தத் துணியை யாரும் திரும்பக் கட்டவில்லை.